மானியக் கோரிக்கை எண் 19: அரசு மருத்துவமனை விவாதத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

சட்டப்பேரவை கூடும் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கென்று ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்குவார்கள். துறையின் ஆண்டுச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை எண் 19. கேள்வி நேரம் முடிந்ததும் விவாதம் தொடங்கும். ஒவ்வோர் உறுப்பினரும் தன் தொகுதிக்கு ஒரு கட்டடம், ஒரு சி.டி. ஸ்கேன், ஒரு தரம் உயர்த்தல் கேட்பார். நிறைவாக அமைச்சர் பதிலுரை தந்துவிட்டுப் புதிய அறிவிப்புகளை வாசிப்பார். சமீப ஆண்டுகளில் அந்த அறிவிப்புகள் நூறைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. மறுநாள் செய்தித்தாளில் தலைப்பாவது அந்த எண்ணிக்கைதான்.

கட்டடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரு மருத்துவமனையைத் தினமும் ஓட வைப்பது பணியிட அரசாணை, மருந்து இன்டென்ட் (எவ்வளவு மருந்து வேண்டும் என்ற கோரிக்கைப் பட்டியல்), இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகிய மூன்று. இந்த மூன்றையும் பற்றி அவையில் யாராவது துருவிக் கேட்டால் அதுதான் செய்தி. சீர்திருத்தம் என்று இரு தரப்பும் பேசுகிற பேச்சில் பெரும்பகுதி இவற்றைத் தொடுவதே இல்லை. விவாதத்தைக் கூர்ந்து கேட்பவர்களுக்கும், உறுப்பினர்களுக்குக் குறிப்பு எழுதித் தருகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று சில விவரங்கள்.

முதலில் புத்தகம். கொள்கை விளக்கக் குறிப்பைத்தான் எல்லோரும் புரட்டுவார்கள். படம் இருக்கும், சாதனை இருக்கும். புரட்ட வேண்டியது மானியக் கோரிக்கைப் புத்தகத்தை. அதில் இரண்டு கணக்குத் தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2210 என்பது மருத்துவம், பொது சுகாதாரத்துக்கான வருவாய்ச் செலவு: சம்பளம், மருந்து, மின்கட்டணம், துப்புரவு ஒப்பந்தம், பராமரிப்பு எல்லாம் இதில். 4210 என்பது மூலதனச் செலவு: முக்கியமாகக் கட்டடம். 2210-க்குள் 01 நகர்ப்புற மருத்துவமனைகள், 03 ஊரகச் சேவை, 05 மருத்துவக் கல்வி, 06 பொது சுகாதாரம் என்று துணைப்பிரிவுகள் வரும். 4210 ஒரேயடியாக ஏறி, 2210 அகவிலைப்படி உயர்வுக்குப் போதுமான அளவு மட்டும் ஏறியிருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் ரிப்பன் வெட்டியும் ஆளில்லாத மாடிகள் வரப்போகின்றன என்று எழுதிவைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒவ்வொரு தலைப்புக்கும் நேராக மூன்று வகை எண்கள் இருக்கும்: வரவு-செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைச் செலவு. மேடையில் முழங்கப்படுவது முதலாவது. அந்த ஆண்டுக்குரிய ஒதுக்கீட்டை மூன்றாவதோடு ஒப்பிட்டால்தான் ஒதுக்கிய பணம் செலவானதா என்பது தெரியும். “ஒதுக்கீட்டை உயர்த்தினோம்” என்பதற்குச் சரியான எதிர்க்கேள்வி, “போன முறை ஒதுக்கியதில் எவ்வளவு திருப்பி ஒப்படைத்தீர்கள்” என்பதே.

இனி ஓர் அறிவிப்பு எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். “இன்ன மருத்துவமனையில் 20 படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவு அமைக்கப்படும்” என்று அவையில் வாசித்தாயிற்று. அதற்குப் பிறகு அந்த மருத்துவமனையின் டீன் கருத்துரு அனுப்ப வேண்டும். அது இயக்ககத்துக்குப் போகும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம்; மாவட்ட, வட்ட மருத்துவமனை என்றால் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககம். அங்கிருந்து துறைச் செயலாளர், பிறகு நிதித் துறையின் ஒப்புதல், பிறகு நிர்வாக அனுமதிக்கான அரசாணை. அடுத்து பொதுப்பணித் துறையின் மருத்துவப் பணிகள் பிரிவு தொழில்நுட்ப அனுமதி தந்து ஒப்பந்தப்புள்ளி கோரும். கட்டுமானம் தனி, மின்பணி தனி. மருத்துவ வாயுக் குழாய் தனி. கூடுதல் மின்சுமைக்கு மின்வாரியம், லிஃப்ட் உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று. இவை எல்லாம் ஒரே நாளில் முடியும்படி யாரும் திட்டமிடுவதில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகம் என்பதால்.

இயந்திரம் வந்துவிட்டு அறை தயாராகாமல் இருப்பது மிகச் சாதாரணம். சி.டி. ஸ்கேன் வைக்கும் அறையின் வரைபடத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். பொருத்திய பிறகு இயக்குவதற்கு உரிமம் வேண்டும். அதற்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் என்றால் 1994-ம் ஆண்டின் கருவில் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்தின்கீழ் பதிவு. இதில் எது விடுபட்டாலும் இயந்திரம் உறை போட்டபடி நிற்கும். உத்தரவாதக் காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை அப்போது பார்க்க வேண்டும்: வந்திறங்கிய நாளா, பொருத்தி இயக்கிக் காட்டிய நாளா? முதலாவது என்றால் உறைக்குள்ளேயே உத்தரவாதம் கரைந்துகொண்டிருக்கிறது. உத்தரவாதம் முடிந்ததும் வருகிற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான பணம் 2210-லிருந்து வர வேண்டும். வாங்கும்போது அந்தத் தொகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான்காம் ஐந்தாம் ஆண்டில் “ஸ்கேன் ரிப்பேர், வெளியே எடுத்துக்கிட்டு வாங்க” என்று நோயாளியிடம் சொல்லப்படுவதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஆள்.

அதே 20 படுக்கை ஐ.சி.யூ.வை எடுத்துக்கொள்ளுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு ஷிஃப்டில் ஒரு செவிலியர் என்பது அடிப்படை. எல்லாப் படுக்கையிலும் அப்படிப்பட்ட நோயாளி என்றால் ஒரு ஷிஃப்டுக்கு 20 பேர், மூன்று ஷிஃப்டுக்கு 60 பேர். வாரம் ஒரு நாள் விடுப்பு என்றால் 60-ஐ ஏழால் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும்: 70. தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு, பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் பத்துப் பேர். ஆக 80 செவிலியர் வேண்டும், ஒரு தளத்துக்கு. இதற்கு மேல் மயக்கவியல் மருத்துவர்கள், டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். அவையில் வாசித்த அறிவிப்பில் “இத்தனை கோடி ரூபாய் மதிப்பில்” என்று வருமே, அந்தத் தொகையில் இந்த 80 பேரின் சம்பளம் கிடையாது. அது வேறு அரசாணை. பணியிடம் உருவாக்கும் அரசாணை. அது வந்தபின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிட்டு, தேர்வு நடத்தி, சான்றிதழ் சரிபார்த்து, கலந்தாய்வு வைத்து ஆள் அனுப்ப வேண்டும். 2012-ல் இந்த வாரியம் தனியாக அமைக்கப்பட்டதே தாமதத்தைக் குறைக்கத்தான், குறைந்துமிருக்கிறது. ஆனாலும் பணியிட அரசாணை இல்லாத இடத்துக்கு வாரியம் ஆள் எடுக்க முடியாது.

அதற்குள் திறப்பு விழாத் தேதி வந்துவிடும். அப்போது நடப்பதுதான் மாற்றுப்பணி. பக்கத்து மாவட்ட மருத்துவமனையிலிருந்து பத்துப் பேர், வட்ட மருத்துவமனைகளிலிருந்து இரண்டு மூன்று பேர் என்று சென்னைக்கு வரவழைத்துப் புதிய கட்டடத்தில் நிறுத்துவார்கள். அவர்களின் சம்பளம் பழைய இடத்திலேயே எடுக்கப்படும். பழைய மருத்துவமனையின் பதிவேட்டில் அந்தப் பணியிடம் “நிரப்பப்பட்டது”. புதிய மருத்துவமனையில் ஆள் நிற்கிறார், அங்கேயும் குறையில்லை. ஒரே ஆள் இரண்டு இடத்திலும் கணக்கில் நிற்க, திருத்தணிப் பக்கத்திலோ மதுராந்தகம் பக்கத்திலோ ஒரு பிரசவ வார்டில் இரவுப் பணிக்கு ஒரே ஒரு சிஸ்டர் இருப்பார். “காலிப் பணியிடங்கள் அநேகமாக நிரப்பப்பட்டுவிட்டன” என்று அமைச்சர் சொல்வது பொய்யாக இருக்காது, கேள்விதான் தவறு.

அதனால் கேள்வியை இப்படி எழுத வேண்டும். “அரசு மருத்துவமனைகளில் போதிய செவிலியர்கள் உள்ளனரா?” என்று கேட்டால் “ஆம்” என்ற ஒற்றைச் சொல் வரும். “இன்ன மருத்துவமனையில் மார்ச் 31 நிலவரப்படி அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலமுறை ஊதியத்தில் உள்ளோர், தொகுப்பூதியத்தில் உள்ளோர் எத்தனை, மாற்றுப்பணியில் வெளியே சென்றோர், வெளியிலிருந்து வந்தோர் எத்தனை, மூன்று மாதத்துக்கு மேல் நீண்ட விடுப்பில் உள்ளோர் எத்தனை” என்று கேட்டால் அட்டவணை வந்தாக வேண்டும். தொகுப்பூதியம் என்ற சொல் முக்கியம்: ஊதிய விகிதமும் படிகளும் இல்லாத மொத்தத் தொகை அது; அவை இரண்டும் உள்ளது காலமுறை ஊதியம். 2015 முதல் தேர்வு வாரியம் வழியாக எடுக்கப்பட்ட செவிலியர்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள். காலமுறை ஊதியத்துக்கான அவர்களின் போராட்டம் சென்னை பார்த்ததுதான். ஆள் இருக்கிறார் என்பதும், பணியிடம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பணியிடங்களில் பல தற்காலிகமாகவே உருவாக்கப்பட்டு அவ்வப்போது தொடர் நீட்டிப்பு ஆணை வாங்குபவை; அந்த ஆணை தாமதமானால் ஊதியக் கொடுப்பாணைக்காக ஆட்கள் காத்திருப்பார்கள்.

படுக்கை எண்ணிக்கையிலும் இதே சூட்சுமம். “ஆயிரம் படுக்கைகள்” என்பது அனுமதிக்கப்பட்டது. செவிலியரும் ஆக்சிஜன் இணைப்பும் சேர்ந்து உண்மையில் நோயாளியைச் சேர்க்கும் நிலையில் உள்ளவை எத்தனை என்பது இன்னொரு எண். படுக்கை நிரம்பல் விகிதத்தைக் கணக்கிடும்போது வகுக்கும் எண் எது என்று கேட்காமல் விடக்கூடாது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் சேர்த்தால் விகிதம் 100-ஐத் தாண்டும். திறக்காத படுக்கைகளையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் அதே மருத்துவமனை பாதி காலியாக இருப்பதுபோலத் தெரியும்.

சென்னைக்கு இதில் ஒரு விசித்திரம் உண்டு. பேரவைக்கும் தலைமைச் செயலகத்துக்கும் என்று ஓமந்தூரார் தோட்டத்தில் கட்டி 2010-ல் திறந்த கட்டடத்தில்தான் 2014 முதல் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை இயங்குகிறது. நிதிநிலை அறிக்கை வாசித்த வளாகத்தில் இன்று ஓபி சீட்டு.

மருந்துக்கு வருவோம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டு 1995 ஜனவரியிலிருந்து மருந்து வழங்கிவருகிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி, தொழில்நுட்ப உறையும் விலை உறையும் தனித்தனி, மாவட்டந்தோறும் கிடங்கு. சரக்கு வந்ததும் தனியே நிறுத்திவைத்து, ஒவ்வொரு உற்பத்தித் தொகுப்பிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, உற்பத்தியாளர் பெயர் தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே வெளியே விடுவார்கள். மருத்துவமனைகளுக்கு வங்கிப் பாஸ்புக் போல ஒரு பாஸ்புக். அதில் அவற்றின் ஆண்டு ஒதுக்கீடு. எடுக்க எடுக்கக் கழிந்துகொண்டே வரும். மருந்து ஒதுக்கீட்டில் 90 சதவீத அளவுக்குக் கழகத்தில் எடுக்க வேண்டும். 10 சதவீதம் உள்ளூர்க் கொள்முதலுக்கு.

நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் “மருந்து தட்டுப்பாடு” என்று எதிர்க்கட்சியும் “கிடங்குகளில் மூன்று மாதத்துக்கு இருப்பு உள்ளது” என்று ஆளுங்கட்சியும் மாறிமாறிச் சொல்லும்போது இருவரும் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. ஏனென்றால் ஃபார்மசி ஜன்னலில் “ஸ்டாக் இல்லை” என்பதற்கு நான்கு வெவ்வேறு காரணங்கள். கிடங்கிலேயே இல்லாமல் இருக்கலாம். அது ஒப்பந்தக்காரர் தவறியது. கிடங்கில் வந்திறங்கி ஆய்வக அறிக்கைக்காக நிற்கலாம். கிடங்கில் இருந்தும் அந்த மருத்துவமனையின் பாஸ்புக்கில் பணம் தீர்ந்திருக்கலாம். நிதியாண்டின் கடைசி மாதங்களில் இது அதிகம். நான்காவது, மெயின் ஸ்டோரில் இருந்தும் வார்டின் சப் ஸ்டோருக்கு இன்டென்ட் போகாமல் இருக்கலாம். முதல் இரண்டுக்குக் கழகம் பொறுப்பு, மூன்றாவதுக்கு இயக்ககமும் நிதித் துறையும், நான்காவதுக்கு ஆர்.எம்.ஓ.வும் (உறைவிட மருத்துவ அலுவலர்) ஸ்டோர் அலுவலரும். நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி அமைச்சர்மேல் போட்டால் அவர் எளிதாகத் தட்டிவிடுவார்.

இதைவிட ஆழமான கோளாறு இன்டென்ட் போடும் முறையில். போன ஆண்டு எவ்வளவு செலவானதோ அதன்மேல் கொஞ்சம் கூட்டித்தான் பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குக் கேட்பார்கள். மாதம் ஆயிரம் பட்டை மெட்ஃபார்மின் (நீரிழிவு மாத்திரை) தேவைப்படுகிற ஓர் இடத்தில் இரண்டு மாதம் இருப்பில்லை என்று வையுங்கள். ஆண்டுச் செலவு 12,000-க்குப் பதில் 10,000 என்று பதிவாகும். பத்து சதவீதம் கூட்டினால் 11,000. தேவை ஏறாவிட்டாலும் அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ஒரு மாத மருந்து குறைவு. ஒரு முறை வந்த தட்டுப்பாடு இப்படித் தானே தன்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளும். அதனால் அவையில் கேட்க வேண்டியது மருந்துகளின் எண்ணிக்கையையோ கிடங்கின் மொத்த மதிப்பையோ அல்ல. “முக்கியமான இந்தப் பத்து மருந்துகள், இந்த மருத்துவமனையில், கடந்த 12 மாதத்தில் எத்தனை நாள் இருப்பில் இல்லை, உள்ளூர்க் கொள்முதலுக்கு எவ்வளவு செலவு” என்று கேட்க வேண்டும்.

காப்பீடு பற்றி ஒரே ஒரு குறிப்பு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் தனியாருக்குப் போகிறதா அரசு மருத்துவமனைக்கா என்ற வாதம் ஆண்டுதோறும் வரும். ஒரு தரப்பு நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொல்லும், மறு தரப்பு தொகையைச் சொல்லும். சிகிச்சை வாரியாக இரண்டையும் சேர்த்துக் கேட்காதவரை அந்த வாதம் முடியாது.

இனி பதில்களின் மொழி. “அத்தகைய கருத்துரு ஏதும் இல்லை” என்றால் டீனோ இயக்குநரோ இன்னும் எழுதி அனுப்பவில்லை. உறுப்பினர் போக வேண்டிய இடம் கோட்டை அல்ல, மருத்துவமனை அலுவலகம். “அரசின் பரிசீலனையில் உள்ளது” என்றால் கோப்பு துறைக்கு வந்துவிட்டது. “நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்” என்றால் நிதித் துறை கை விரித்துவிட்டது, அல்லது கோப்பு அங்கே போகவே இல்லை. எந்தத் தேதியில் நிதித் துறைக்கு அனுப்பப்பட்டது என்று துணைக்கேள்வி போடுவதே இதற்கு மருந்து. “ஆவன செய்யப்படும்” என்பதற்குப் பொருள் தேடாதீர்கள். பேரவை விதி 110-ன் கீழ் அறிக்கை படிக்கப்பட்டால் அதன்மீது விவாதமே கிடையாது. ஆகவே அங்கே சொன்னதை அடுத்த ஆண்டு மானியக் கோரிக்கையில்தான் பிடிக்க முடியும்.

டெல்லியில் கேட்டால் என்ன கிடைக்கும்? பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6-வது இனம். அதனால் மக்களவையில் சென்னை மருத்துவமனை பற்றிக் கேட்டால் பதிலின் முதல் வரியே “இது மாநிலப் பொருள்” என்றுதான் இருக்கும். மருத்துவக் கல்வி பொதுப்பட்டியல். தேசிய மருத்துவ ஆணையம், நீட், எய்ம்ஸ், தேசிய நலவாழ்வுக் குழும நிதி ஆகியவை மட்டுமே அங்கே கேட்டுப் பயன். கேட்பதற்கும் முறை உண்டு: 15 முழு நாள் முன்னறிவிப்பு, 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது, நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான் வாய்மொழிப் பதிலுக்கு. துறையின் மானியம் விவாதமே இல்லாமல் கில்லட்டினில், அதாவது நேரம் முடிந்ததும் மிச்சக் கோரிக்கைகளை ஒன்றாக வாக்கெடுப்புக்கு விடும் முறையில், நிறைவேறுவதும் உண்டு. கோரிய தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் மக்களவை விதிப்படி மூன்று வகை: கொள்கையையே ஏற்காவிட்டால் ஒரு ரூபாயாகக் குறைப்பது, சிக்கனத்துக்காகக் குறிப்பிட்ட தொகையைக் குறைப்பது, ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறைப்பது. எதுவும் நிறைவேறாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 100 ரூபாய் வெட்டு ஒரே ஒரு குறையைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்ற விதியால், அது அவைக் குறிப்பில் துல்லியமாகப் பதிவாகும்.

சென்னைக்குள்ளேயே யாரிடம் கேட்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை எல்லாம் நல்வாழ்வுத் துறை. வார்டுகளில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாநகராட்சியுடையவை; நகராட்சி நிர்வாகத் துறை மானியத்தில் கேட்க வேண்டும். கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மத்திய தொழிலாளர் அமைச்சகம். ஆனால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நடத்துவது மாநில அரசு, தொழிலாளர் நலத் துறை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை ரயில்வே அமைச்சகம். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆயுஷ் அமைச்சகம். தவறான கதவைத் தட்டினால் “இத்துறை சார்ந்தது அல்ல” என்ற பதிலோடு ஒரு கூட்டத்தொடர் போய்விடும்.

உண்மையான வேலை நடக்கக்கூடிய இடம் குழுக்கள். நாடாளுமன்றத்தில் சுகாதாரத்துக்கென 31 பேர் கொண்ட நிலைக்குழு உண்டு. மானியத்தை வரிவரியாகப் பார்க்கும், செயலாளரை உட்கார வைத்துக் கேட்கும். தமிழ்நாட்டுப் பேரவையில் அப்படித் துறைவாரிக் குழு இல்லை. பக்கத்துக் கேரளத்தில் இருக்கிறது. இங்கே சீர்திருத்தம் என்று ஒன்றை முதலில் கேட்பதானால் இதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை இருக்கிற கருவிகள் மூன்று. கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும். மருத்துவப் பணிகள் கழகம் அரசு நிறுவனம் என்பதால் பொது நிறுவனங்கள் குழுவின் வரம்புக்குள் வரும்; மருந்துக் கொள்முதல் பற்றிய கேள்விகளுக்கு அது சரியான இடம். மூன்றாவது அரசு உறுதிமொழிக் குழு. அவையில் அமைச்சர் தந்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்று நேரில் போய்ப் பார்க்கும் குழு. மக்களவையில் “பரிசீலனையில் உள்ளது” என்பதே உறுதிமொழியாகக் கணக்கிடப்பட்டு மூன்று மாதக் கெடு ஓடத் தொடங்கிவிடும். இங்கே உறுதிமொழிக் குழு மாவட்டச் சுற்றுப்பயணம் வரும்போது, தேதியும் அறிவிப்பு எண்ணும் குறித்த ஒரு பக்க மனுவைக் கையில் கொடுத்தால் அவர்கள் அந்தக் கட்டடத்துக்கே போய் நிற்க வாய்ப்பு அதிகம்.

உறுப்பினர் கேட்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள். துறைச் செயலகத்துக்கு அனுப்பாமல் நேராக அந்த மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கே அனுப்புங்கள். செயலகத்துக்குப் போட்டால் இயக்ககம், கல்லூரி, மருத்துவமனை என்று இறங்கி வரவே நாளாகும். கருத்துக் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள்: பணியிட அரசாணையின் நகல், கடந்த மாதச் செவிலியர் பணிப் பட்டியல், பாஸ்புக்கின் கடைசிப் பக்கம், ஸ்கேன் பராமரிப்பு ஒப்பந்தத்தின் முதல் பக்கம். மாற்றுப்பணி ஆணைகளைத் தனி வரியில் கேளுங்கள். பணியாளர் விவரம் என்று பொதுவாகக் கேட்டால் சம்பளப் பட்டியலைத்தான் தருவார்கள், அதில் எல்லோரும் இருப்பார்கள்.